டிரைவர் இறங்கணும்

ஊத்துக்கோட்டை தாண்டி
சத்தியவேடு போகும் சாலையில் எங்கள் எடைமேடை.
பகல் ஜபருல்லாவுக்கு, இரவு எனக்கு.
அறுபது டன் தாங்கும் இரும்புப் பலகை,
ஒரு ஜன்னல், ஒரு மைக்,
சிவப்பு எண்கள் உதறி உதறி நிலைக்கும் ஒரு பெட்டி.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
கைபேசியில் ஒரு வற்றிய ஏரி.

அந்த விளையாட்டில் யாரும் யாரையும் சுடுவதில்லை.
மதிப்பெண் இல்லை. கடிகாரம் ஓடுவதில்லை.
ஏரியின் அடியில் ஓர் ஊர்,
அதன் நடுவில் என்னை இறக்கிவிட்டுப்
பஸ் போய்விட்ட மாதிரி.
என்ன செய்யணும் என்று எங்கும் எழுதவில்லை.
இல்லை, எழுதியிருக்கிறது, சுவரெல்லாம்,
யாருமே பேசாத ஒரு மொழியில்:
கொக்கி, வளையம், கொக்கி, மூன்று புள்ளி.

கல்யாணமாகி வந்த புதிதில்
தெலுங்கு பஸ் போர்டுகளும் இப்படித்தான் இருந்தன.
தலையில் டிக் அடித்த வட்டங்கள்,
எல்லாம் சரி என்று யாரோ திருத்திக் கொடுத்த மாதிரி.
புத்தூர் பஸ்ஸும் நாகலாபுரம் பஸ்ஸும்
ஒருநாள் அடுத்தடுத்து நின்றன.
இரண்டிலும் இருந்த ஒரு வளைவைப் பிடித்து
'பு' என்றேன், சத்தமாக.
பூக்காரி திரும்பிப் பார்த்தாள்.
அந்த 'பு'வை இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏரிக்குள் ஒரு கிணறு. கிணற்றுக்குள் ஒரு கதவு.
கதவின் முன் அறை அகலத்துக்கு ஒரு கல்தட்டு.
சுவரில் மீன்கள் வரிசையாக, ஒரு முள்,
ஏழாம் மீனுக்கு மட்டும் கண் திறந்திருக்கிறது.
ஏழு கல் வைத்தேன், முள் எங்கோ போனது.
ஆறு வைத்தால் ஏழைத் தாண்டுகிறது.
ஐந்து வைத்தால் ஏழைத் தொடவில்லை.
கறுப்புக் கல், வெள்ளைக் கல், ஈரக் கல்
பதினோரு இரவுகள்.

"யூடியூபில் இருக்கு பாபி, ரெண்டு நிமிஷம்"
என்றான் கொழுந்தன்.
அடுத்தவர் மென்ற மாங்காய் எனக்கெதற்கு?
கதவு திறக்கும், சரி,
திறந்தது நானாக இருக்கமாட்டேனே.

மூன்று மணிக்கு மேல் ஓபுலேசு வந்தார்,
கூழ் ஃபேக்டரிக்கு மாம்பழ லோடு.
ஜன்னல் வழியே மஞ்சளாக ஒரு வாசனை.
எண் நின்றது. பழக்கத்தில் மைக்கை அமுக்கி
"டிரைவர் இறங்கணும்" என்றேன்.
இறங்கினார்.
எண்பது கிலோ கழன்று விழுந்தது.

ஆறு வருஷமாக
ஒரு ராத்திரிக்கு முப்பது தடவை
இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

சீட்டு அடிக்க மறந்தேன்.
ஏரிக்குள் ஓடினேன், கிணற்றுக்குள் குதித்தேன்,
ஏழு கல்லையும் தட்டில் வைத்துவிட்டு
படியில் ஏறி நின்றேன்.
இத்தனை நாளும் என்னையும் சேர்த்தல்லவா
எடை போட்டிருக்கிறேன்,
ஒன்றரைக் கல் கனத்தை.

முள் ஏழாம் மீனில் வந்து நின்றது.

"அக்கா, சீட்டு" என்று ஜன்னலைத் தட்டினார் ஓபுலேசு.
என் முகத்தைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார்.
"ஏமொஸ்துந்தி அக்கா இதுல? காசா?"
"ஒண்ணும் வராது."
"கதவுக்கு அந்தப் பக்கம்?"
காட்டினேன். புதையல் இல்லை.
கீழே இறங்கும் படிக்கட்டு,
அதன் முடிவில் வேறொரு சுவர், வேறு கொக்கிகள்.

பின்னால் ஜல்லி லாரி ஹாரன் அடித்தது.
அவர் நகரவில்லை. கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து,
"அந்தப் பறவ ஏன் எப்பவும்
அந்தப் பக்கமே பாக்குது?" என்றார்.

எந்தப் பறவை?
பதினோரு இரவில் நான் பார்க்காத பறவை,
தூணின் மேல், சாம்பல் நிறத்தில்.

வியாழக்கிழமை காலி லாரியோடு வந்தார்.
நான் மைக்கைத் தொடும் முன்பே இறங்கி
நேராக ஜன்னலுக்கு வந்தார்.
எடையைக் கேட்கவில்லை.

"பறவ?" என்றார்.